எந்தக் கொடிக்கு எந்தச் சுவர்? தோட்டம் கேள்வி பதில்

சுவரிலும் வேலியிலும் ஏறும் கொடிகளால் உங்களுக்கு என்ன சிக்கல் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் டர்பன் பக்கத்திலிருந்து வந்தவை, அது நியாயம்தான், அங்கே முதல் மழை விழுந்ததும் கொடி பிடிக்கிற வேகத்தை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்ததால் எல்லாருக்குமே ஊர் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, எங்கள் முன்பக்கச் சுவர் முழுக்க டிக்கி கொடி படர்ந்திருக்கிறது. மாமனார் வைத்தது, இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இந்தத் தீபாவளிக்குள் அதைப் பிய்த்து எடுத்துவிட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று மகன் நிற்கிறான். ஒரு மூலையில் இழுத்துப் பார்த்தோம், கொடியோடு சாந்தும் பெயர்ந்து வந்துவிட்டது. என்ன செய்வது?
— வாசகி, மெரிபேங்க்

முதலில் மகனை நிறுத்தச் சொல்லுங்கள். இன்னும் ஒரு சாண்கூட இழுக்க வேண்டாம்.

டிக்கி கொடி என்று தென்னாப்பிரிக்காவில் நாம் சொல்வது அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி. அதன் இளம் இலை பழைய மூன்று பென்னிக் காசு அளவுக்கு இருக்கும், அந்தக் காசுக்கு இங்கே டிக்கி என்று பெயர், அதனால்தான் கொடிக்கும் அந்தப் பெயர். இந்தக் கொடி கம்பியைச் சுற்றி ஏறுவதில்லை. தண்டிலிருந்து சின்னச் சின்ன வேர்களை விட்டு, அதில் ஊறும் பிசினால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிடி விடாது, நீங்கள் இழுத்தால் கொடிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் எது பலவீனமோ அது வரும், பெரும்பாலும் அது சாந்துப் பூச்சுதான். உங்கள் மூலையில் நடந்தது அதுதான்.

எங்கள் கராஜ் சுவரில் இதே வேலையை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். நாலு மணி நேரத்தில் கொடி கீழே வந்துவிட்டது, அதோடு இரண்டு பெரிய பலகை அளவுக்குச் சாந்தும் வந்தது, அதைப் பூசுவதற்குக் கொத்தனாருக்குக் கொடுத்த பணம் பெயிண்ட் செலவைவிட அதிகம். அன்றைக்கு யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது இது. அடித்தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அறுத்துவிடுங்கள். இருபது வருஷக் கொடிக்கு ஒரே தண்டு இருக்காது, சுவரின் நீளம் முழுக்க நடந்து பார்த்து, மண்ணில் இறங்கியிருக்கும் ஒவ்வொரு தண்டையும் தேடி அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் பால் வரும், தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும், ஆகவே கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வேர்ப்பக்கம் நிற்கும் அடிக்கட்டையில், வெட்டின உடனே, சில நிமிஷத்துக்குள், களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுங்கள். நேரம் கழித்துத் தடவினால் வெட்டு காய்ந்து மருந்து உள்ளே போகாது. லேபிளில் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி எல் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா, கொடி அல்லது மரக்கட்டைக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். மருந்தே வேண்டாம் என்றால் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடலாம், வேலை அதிகம், ஆனால் முடியும்.

அப்புறம் காத்திருங்கள். மேலே இருக்கும் கொடி வாடி, இலை பழுப்பாகி, நொறுங்குகிற பதத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். காய்ந்த கொடியைத் தட்டையான சுரண்டியால் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தால் பெரும்பகுதி சாந்தை விட்டுவிட்டு வரும். சுவரில் பழுப்பு மயிர் மாதிரி வேர்த் தடம் நிற்கும், அதை உடனே கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள், மாதக்கணக்கில் விட்டால் இறுகிப்போய் வராது. தீ வைத்துக் கருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், காய்ந்த கொடி கூரை ஓரம்வரை ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். கடைசியில் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாக உலரவிட்டு, பிறகுதான் பெயிண்ட்.

ஆகவே இந்தத் தீபாவளிக்கு அந்தச் சுவர் தயாராவது கஷ்டம். கேட்டுக்கும் வெராண்டாவுக்கும் இப்போது அடித்துக்கொள்ளுங்கள், முன்சுவரைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இதே கொடியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்ட் அடிக்காத, கெட்டியான செங்கல் சுவர் என்றால் டிக்கி கொடி அழகுதான், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுவரின் உச்சிக்குப் போனதும் அதன் குணம் மாறும். ஒட்டிக்கொண்டிருந்த கொடி வெளியே நீட்டிக்கொண்டு கிளை விடும், இலை பெரிதாகித் தோல் மாதிரி தடிக்கும், அத்திக்காய் மாதிரி பச்சைக் காய் தொங்கும். அந்த நீட்டுக் கிளைகளை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை சுவரோடு ஒட்ட வெட்டினால் கொடி இளசாகவே நிற்கும். வெட்டாமல் விட்டால் காற்றில் அந்தக் கிளைகளின் பாரமே சுவரை இழுக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கொடி எங்கள் ப்ரீகாஸ்ட் (தூணுக்கு நடுவே கான்கிரீட் பலகை செருகின) சுவரைத் தாண்டி எங்கள் மாமரத்தில் ஏறிவிட்டது. இப்போது மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கிறது, பார்க்க அழகுதான், ஆனால் மாமரம் வாடுகிறது. அவர்களோடு முப்பது வருஷப் பழக்கம். சண்டை வராமல் இதை எப்படி எடுப்பது?
— வாசகர், சாட்ஸ்வர்த்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு காம்பிலும் இரண்டு இலை, அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து மூன்று கொக்கியோடு ஒரு பற்றுக்கம்பி, பூனை நகம் மாதிரியே. பூ குழல் வடிவம், பளீர் மஞ்சள். இது பூனைநகக் கொடிதான், நர்சரிக்காரர்கள் கேட்ஸ் கிளா என்பார்கள். தென் அமெரிக்கக் கொடி. இந்த நாட்டின் அந்நியப் படையெடுப்புத் தாவரப் பட்டியலில் 1பி வகையில் இருக்கிறது. அதற்கான விதிகளின்படி 1பி என்றால் விற்கக் கூடாது, நடக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, தன் நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு, பலருக்கு இது தெரியாது: வீட்டை விற்கிறவர், பட்டியலில் உள்ள செடி எது அந்த நிலத்தில் இருந்தாலும், விற்பனை ஒப்பந்தம் போடும் முன்னாலேயே வாங்குகிறவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் முப்பது வருஷப் பழக்கம் உள்ள இடத்தில் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டுக்காரர்களும் பூ அழகாக இருக்கிறதே என்றுதான் வைத்திருப்பார்கள். ஒரு சாயங்காலம் அவர்களைக் கூப்பிட்டு, டீ கொடுத்து, உங்கள் மாமரத்தை நேரில் காட்டுங்கள். கொடியின் பாரம் கிளையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, உள்பக்கம் வெளிச்சமே போகாமல் இலை எப்படிக் கொட்டியிருக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் ப்ரீகாஸ்ட் சுவரைக் காட்டுங்கள். இரண்டு பலகைக்கு நடுவில் இருக்கிற சந்தில் நுழைந்த கொடி அங்கேயே தடிக்கும், தடிக்கத் தடிக்கப் பலகையைத் தூணிலிருந்து நெம்பும். அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, விழுந்தால் செலவும் பொது.

எடுக்கிற வேலையை இரண்டு வீடும் ஒரே நாளில் செய்ய வேண்டும், இது ரொம்ப முக்கியம். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் மறுபக்கத்திலிருந்து ஒரே கோடைக்குள் திரும்பி வந்துவிடும். மாமரத்தில் ஏறியிருக்கும் தண்டுகளை மார்பு உயரத்தில் ஒரு வெட்டு, தரையை ஒட்டி இன்னொரு வெட்டு, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். மேலே இருப்பதை இழுக்க வேண்டாம், அந்த நகம் பட்டையை உரித்துக்கொண்டு வரும், கிளையும் முறியும். அது அங்கேயே காய்ந்து உதிரட்டும். அடிக்கட்டைக்கு மேலே மெரிபேங்க் வாசகிக்குச் சொன்ன மாதிரியே உடனே மருந்து.

பாதி வேலைதான் இது. மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. பூனைநகக் கொடி மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும், ஒரு கொடிக்கு ஒன்று இரண்டு அல்ல, வரிசையாக. தண்டை வெட்டினதும் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாகத் துளிர்க்கும். மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கையால் தோண்டி எடுங்கள், மாதம் ஒருமுறை இரண்டு வீட்டு யார்டையும் சுற்றிப் பாருங்கள், குறைந்தது இரண்டு மூன்று கோடைகாலம். இன்னொரு அவசரம்: பூ உதிர்ந்ததும் ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய காய் தொங்கும், அது வெடித்தால் காகிதம் மாதிரி இறகு வைத்த விதைகள் காற்றில் தெருமுழுக்கப் போகும். இப்போது பூத்திருக்கிறது என்றால் காய் வெடிக்கும் முன் வெட்டியாக வேண்டும்.

இந்தக் கொடியைத் தின்னும் பூச்சிகளை அரசாங்கமே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடுகிறதாமே, அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், 1999இலேயே ஒரு சின்ன ஆமைவண்டு இனத்தை இங்கே விட்டார்கள், அதன்பின் வேறு சில பூச்சிகளையும் விட்டிருக்கிறார்கள். அவை காட்டையும் ஆற்றங்கரையையும் மனத்தில் வைத்துச் செய்த வேலை. உங்கள் மாமரத்துக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஆயா வேலி ஓரத்தில் வைத்த கொடிப்பசலை இன்றும் இருக்கிறது, அந்தக் கீரையைத்தான் சாப்பிடுகிறோம் என்று நினைத்திருந்தோம். சமீபத்தில் வந்த உறவுக்காரர் ஒருவர் இது பசலையே இல்லை என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, டொங்காட்

உங்கள் உறவுக்காரர் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஆயாவும் தப்புச் செய்யவில்லை. அவர் வைத்தது பசலையாகவே இருந்திருக்கும். அதே வேலியில், அதே மாதிரி தடித்த, இதய வடிவ இலையோடு, மடெய்ரா கொடி என்கிற இன்னொன்று வந்து உட்கார்ந்து பசலையை மூடியிருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், இலையை மட்டும் பார்த்தால் பழகினவர்களே ஏமாறுவார்கள்.

இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். இலை புறப்படும் கணுவில் மரு மரு மாதிரி, சின்ன உருளைக்கிழங்கு மாதிரி, முண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மடெய்ரா. பசலைத் தண்டில் அது இருக்கவே இருக்காது. பூவும் வேறு. மடெய்ராவில் வெள்ளை வெள்ளையாக மெல்லிய பூங்கொத்து வாசனையோடு தொங்கும். பசலையின் பூ விரியாமல் மொட்டு மாதிரியே இருந்து, பின்னால் கருஊதாப் பழமாகும். சின்ன வயதில் அந்தப் பழத்தைக் கசக்கி மை என்று விளையாடியிருப்பீர்களே, அது.

மடெய்ராவும் 1பி வகைதான். அதை எடுக்கும்போது அரிவாளால் வீசி வெட்டினால் அந்த முண்டுகள் நூற்றுக்கணக்கில் உதிரும், ஒவ்வொன்றும் ஒரு புதுக் கொடி. கீழே பழைய பெட்ஷீட்டோ தார்ப்பாயோ விரித்து, கொடியைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி அதில் போட்டு, முண்டுகளோடு தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். பை வெயிலில் கிடந்து உள்ளே எல்லாம் வெந்து அழுகட்டும், பிறகு குப்பைக்கு. எருக்குழியில் மட்டும் போடாதீர்கள், பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் கொட்டவும் கூடாது. பசலைக் கொடி அடியில் உயிரோடு இருந்தால் ஒரு துண்டை உடைத்து வேறு இடத்தில் தொட்டியில் ஊன்றிவிடுங்கள், எளிதில் வேர் பிடிக்கும். ஆயாவின் பசலை போய்விடக் கூடாது.

கேள்வி: ஓடைக்கரையில் முடக்கத்தான் காடு மாதிரி வளர்ந்திருக்கிறது, காய் நம் ஊர்க் காயைவிடப் பெரிது. மூட்டுவலிக்கு அதைத் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கலாமா? வீட்டு வேலியிலும் கொண்டுவந்து ஏற்றலாமா?
— வாசகர், வெருலம்

இரண்டுமே வேண்டாம். நீங்கள் பார்த்தது முடக்கத்தானின் பெரிய உறவு, பலூன் கொடி. காய் பெரிதாக, நுனி கூராக, தண்டும் இலையும் ரோமத்தோடு இருக்கும். நாம் தோசைக்கு அரைக்கிற இனம் அது இல்லை, ஒரே மாதிரி தெரிகிறது என்பதற்காக வாயில் வைக்கக் கூடாது. இதுவும் 1பி பட்டியலில் உள்ளது, ஓடைக்கரை மரங்களைப் போர்வை போட்ட மாதிரி மூடி இருட்டாக்கிவிடும். காய்க்குள் இருக்கும் விதையைத் தின்கிற ஒரு கூன்வண்டை 2013இல் இங்கே விட்டதே இந்தத் தொல்லை தாங்காமல்தான். அந்தக் காய் தண்ணீரில் மிதந்து கீழ்க்கரை முழுக்கப் போகும், வீட்டுக்கு ஒரு கொத்துகூடக் கொண்டுவராதீர்கள்.

நம் முடக்கத்தான் விதையை ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்று யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இறக்குமதி அனுமதி இல்லாமல் விதை கொண்டுவருவது குற்றம். மூட்டுவலிக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, நான் சேலத்திலிருந்து வந்து நாலு வருஷமாகிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வருஷமும் ஆடியில் பாகல், பீர்க்கு, அவரை எல்லாம் பின் வேலி ஓரம் ஊன்றுகிறேன். ஒன்றுகூடத் தேறுவதில்லை. மண்ணில் கோளாறா?
— வாசகி, லெனேசியா

மண்ணில் ஒன்றும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. ஆடி என்றால் இங்கே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் அதுதான் உறைபனிக் காலம், போதாததற்குச் சொட்டு மழையும் இருக்காது. அம்மாவின் சொல் காவிரிக்குத் தண்ணீர் வருகிற ஊருக்குச் சொன்னது. பூமத்திய ரேகையைத் தாண்டி வந்ததும் பட்டம் தலைகீழ்.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனில் வந்து இறங்கினவர்களும் இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டிருப்பார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த பிறகு எத்தனையோ பேர் சின்னத் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு டர்பன் மார்க்கெட்டுக்குக் கூடையில் சுமந்தார்கள். அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் தொடங்கினால் பந்தலுக்குக் கம்பு வெட்டுவார்கள், விரதம் முடிவதற்குள் பாகல் முளைத்திருக்கும். டர்பனுக்கு அந்தக் கணக்கு சரி. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும், அக்டோபர் பாதி தாண்டி, இரவில் குளிர் விட்ட பிறகு. அதுவரை விதையை வீட்டுக்குள் சன்னல் ஓரம் தயிர் டப்பாவில் முளைக்கப் போடுங்கள், நாலு இலை வந்ததும் வேலிக்கு மாற்றலாம். பாகல், பீர்க்கு விதையை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். வேரைக் கலைத்தால் கோபித்துக்கொள்ளும் செடிகள் இவை, டப்பாவை வெட்டி மண்கட்டியோடு அப்படியே இறக்குங்கள்.

வேலி எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும், ஆகவே வடக்குப் பார்த்த வேலிக்குத்தான் காய்கறிக் கொடி. பாகலுக்கும் பீர்க்குக்கும் பற்றுக்கம்பி உண்டு, விரல் தடிமனுக்கு மேல் இருக்கும் எதையும் அதனால் பிடிக்க முடியாது, மொழுமொழு என்று இருக்கும் ப்ரீகாஸ்ட் சுவரில் விட்டால் சரிந்து விழும். வைர வடிவக் கம்பிவலை வேலி என்றால் அதற்குக் கொண்டாட்டம். சுவர்தான் இருக்கிறது என்றால் அதிலிருந்து நாலு விரல் தள்ளி வலையோ கயிறோ கட்டிவிடுங்கள், பின்னால் காற்று ஓடும், இலையில் சாம்பல் பூத்தது மாதிரி வரும் நோயும் குறையும். அவரை சுற்றி ஏறும் வகை, அதற்கு ஒற்றைக் கம்பே போதும்.

பூக்கிறது, காய்க்கவில்லை என்று அடுத்த கடிதம் எழுதுவதற்குள் அதற்கும் பதில். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி ஒன்று இருக்கும். தேனீ நடமாட்டம் குறைவாக இருந்தால் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பாகல் காலையில் மலரும், பீர்க்கு சாயங்காலம் மலரும், அந்தந்த நேரத்தில் செய்தால்தான் பலன். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் காகிதப் பையால் மூடிக்கட்டுங்கள், பழ ஈ முட்டை வைக்க முடியாது. உங்கள் பக்கம் கோடையில் ஆலங்கட்டி மழை கொட்டும், பந்தல் மேலே நிழல்வலையை இழுத்துக்கட்டினால் பத்து நிமிஷத்தில் மொத்தத்தையும் இழக்க வேண்டியிருக்காது.

கேள்வி: ராத்திரி எலெக்ட்ரிக் வேலி அலாரம் சும்மா சும்மா அடிக்கிறது. கொடிதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

உண்மை. பச்சைத் தண்டிலும் இலையிலும் தண்ணீர் இருக்கிறது, அது மின்கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியாகச் சுவருக்கும் மண்ணுக்கும் கசியும், வேலியின் மின்பெட்டி அதை யாரோ தொடுவதாக நினைத்து அலறும். பனி விழும் ராத்திரியில் இலை நனைவதால் அப்போதுதான் அதிகம் அடிக்கும். கம்பிக்குக் கீழே ஒரு முழமாவது எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். வெட்டும் முன் பெட்டியை அணைத்துவிடுங்கள், அணைத்ததாக நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறாதீர்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள். எலெக்ட்ரிக் வேலி உள்ள சுவரில் வேகமாக ஓடும் கொடி எதையுமே வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அறுந்த கம்பியைக்கூட இலை மறைத்துவிடும்.

கேள்வி: பாலிசேட் என்கிற, இடைவெளி விட்ட கம்பி வேலி போட்டிருக்கிறோம், தெருவிலிருந்து எல்லாம் தெரிகிறது. சாமிக்கும் பூ கிடைக்க வேண்டும், பறவையும் வர வேண்டும், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். என்ன கொடி வைக்கலாம்?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! இந்த மண்ணிலேயே பிறந்த கொடிகள் எவ்வளவோ இருக்க, நர்சரியில் எது பூத்து நிற்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

சாமிக்கு என்றால் இந்த நாட்டுக் காட்டு மல்லிகை. நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ, மொட்டின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்பு, வாசனை நம் மல்லிகைக்கு ஒன்றும் குறைந்ததல்ல. தானாகப் பற்றிக்கொள்ளாது, பாலிசேட் கம்பிகளுக்கு நடுவே விரலால் பின்னிப் பின்னி விட வேண்டும், இரண்டு வருஷத்தில் திரை மாதிரி ஆகிவிடும். தேன்சிட்டு வர வேண்டும் என்றால் கேப் ஹனிசக்கிள், ஆரஞ்சுக் குழல் பூ, கொடிக்கும் புதருக்கும் நடுவான குணம், கத்தரி போட்டால் கத்தரி போட்டபடி நிற்கும். இளநீலப் பூ வேண்டும் என்றால் இங்கேயே பிறந்த பிளம்பாகோ, அதில் ஒரு சின்ன நீலப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவசரமாக மறைப்பு வேண்டுமா, நடுவில் கறுப்புக் கண் வைத்த ஆரஞ்சுப் பூக்கொடி துன்பெர்ஜியாவை விதை போட்டாலே போதும், ஒரே கோடையில் மூடிவிடும், உறைபனி பட்டால் கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். போர்ட் செயின்ட் ஜான்ஸ் கொடியின் இளஞ்சிவப்புப் பூ கொள்ளை அழகு, ஆனால் அது பெரிய உடம்புக்காரக் கொடி, ஒவ்வொரு ஆகஸ்டிலும் பாதிக்குமேல் வெட்டத் தயாராக இருந்தால் மட்டும் வையுங்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகள் வளரும்வரை தள்ளிவையுங்கள், மனசு கேட்காமல்தான் சொல்கிறேன். நம் செங்காந்தள், கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூவாக இருக்கும் அதே கொடி குவாசூலு-நட்டால் காடுகளிலும் தானாகவே வளர்கிறது. இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும், இப்படி ஏறுகிற கொடிகள் கொஞ்சம்தான். அங்கே கார்த்திகையில் பூப்பது இங்கே கோடை மழையில் பூக்கும். முதல் முறை காட்டோரத்தில் அதைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் அதன் எல்லாப் பாகத்திலும் கொல்சிசின் என்ற விஷம் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம், அந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. காய்கறிப் பாத்திக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது.

கேள்வி: சுவர் முழுக்கப் படர்ந்த கொடி, மே மாதம் ரத்தச் சிவப்பாகி எல்லா இலையும் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?
— வாசகர், ரைலண்ட்ஸ், கேப் டவுன்

சாகவில்லை. பாஸ்டன் ஐவி குளிர்காலத்தில் இலை உதிர்க்கும், இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கும்போது துளிர்த்திருக்கும். உங்கள் ஊருக்கு அது ஏற்ற கொடிதான், குளிரில் சுவருக்கு வெயில் கொடுக்கும், கோடையில் நிழல் கொடுக்கும். தட்டையான ஒட்டுப் பாதங்களால் பிடிக்கிற வகை என்பதால் சன்னல் சட்டத்துக்கும் கூரை ஓட்டுக்கும் ஒரு முழம் கீழேயே வெட்டி நிறுத்துங்கள், இலை இல்லாத ஜூலையில் வெட்டினால் எது எங்கே போகிறது என்று தெளிவாகத் தெரியும்.

கேள்வி: காகிதப்பூக் கொடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், புல்தரைக்கு வாங்கின உரமும் போடுகிறேன். இலையாகவே போகிறது, பூவே இல்லை.
— வாசகி, ஸ்டாங்கர்

தண்ணீரையும் உரத்தையும் இன்றைக்கே நிறுத்துங்கள். புல் உரம் இலைக்கான உரம். காகிதப்பூ கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும், மண் ஒரு விரல் ஆழத்துக்கு உலர்ந்த பிறகு தண்ணீர் போதும். பூக்கள் புதுக்கிளை நுனியில் வருவதால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளை ஒரு சாண் வெட்டிவிடுங்கள். இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, ஒட்டுவேரும் கிடையாது, முள்ளை மாட்டிக்கொண்டு சாய்ந்து ஏறும், ஆகவே சுவரில் கம்பி அடித்துப் பழைய துணியால் தளரக் கட்டிவிடுங்கள். முள் குத்தும், தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.